இன்டர்ன்ஷிப் தேடி ஆவாரம்பாளையம் போன கதை

எங்கள் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போய்வந்தே ஆக வேண்டும். இது முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, 2024 ஏப்ரல் வரை எங்கள் செட்டில் பாதிப் பேர் அசையவில்லை. அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனி, மாமாவுக்குத் தெரிந்த மேனேஜர் என்று ஆள் இருந்தவர்களுக்குக் கவலை இல்லை. என் அப்பா உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டியில் வேலை செய்கிறார். அவருக்குத் தெரிந்த மேனேஜர்கள் எல்லோரும் லாரி ஆபீஸ்காரர்கள்தான்.

சரி, ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரெஸ்யூமே ஒன்று தயார் செய்து 47 மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே மெயில்தான், கம்பெனி பெயரை மட்டும் மாற்றி மாற்றி. இரண்டு இடத்தில் அதையும் மாற்ற மறந்துவிட்டேன். வந்த பதில் மூன்று. ஒன்று, மெயில் கிடைத்தது என்று தானாக வரும் பதில். இன்னொன்று, டிசம்பரில் கேளுங்கள் என்றது. மூன்றாவது உடனே எடுத்துக்கொள்கிறோம் என்றது, ஆனால் 1,999 ரூபாய் கட்ட வேண்டும். கட்டினால் சில வீடியோக்கள், ஒரு குவிஸ், கடைசியில் கியூஆர் கோடு போட்ட சான்றிதழ். என் வகுப்பில் இரண்டு பேர் கட்டினார்கள். பிறகு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அவர்களிடம் எந்த மெஷினில் வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். லேப்டாப் என்றா சொல்ல முடியும்?

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஐஐடி மெட்ராஸில் கோடைக்கால ஃபெலோஷிப் உண்டு. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பும் உண்டு. இரண்டிலும் உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் கோடையில் போக வேண்டியதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பங்களைத் தேட ஆரம்பித்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தது மே மாதம்.

அடுத்தது கல்லூரிக் கடிதம். கம்பெனியின் ஒப்புதல் இருந்தால்தான் கடிதம் தருவேன் என்றது ஆபீஸ். கல்லூரிக் கடிதம் இருந்தால்தான் பேசவே முடியும் என்பது கம்பெனிகளின் பாட்டு. பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டுக் கொடுங்கள் சார் என்று கேட்டதற்குத் துறைத்தலைவர் (ஹெச்ஓடி) முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் 'தங்கள் நிறுவனத்தில்' என்று பொதுவாக எழுதி, என் பெயர், ரெஜிஸ்டர் நம்பர், நான்கு வாரம் என்பதை மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கினேன். முதல்வர் கையெழுத்துக்கு ஆறு நாள் ஆனது. அதை எட்டு பிரதி எடுத்துக்கொண்டு, கணபதியில் இருக்கும் சித்தி வீட்டில் போய் இறங்கினேன்.

கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம் நடந்து போகிற தூரம்தான். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. மோட்டார், பம்பு, அதற்கான உதிரி பாகம் என்று அந்தப் பகுதியில் சந்துக்குச் சந்து பட்டறைதான். வெளியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரி இருக்கும். கேட்டைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின் மூன்று ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனிகளில் செக்யூரிட்டியைத் தாண்டவே முடியாது. இங்கே பாதி இடங்களில் செக்யூரிட்டியே கிடையாது என்பதால் நேரே உள்ளே போய்ப் பேச முடிந்தது. பேசி என்ன, இரண்டு நாளில் பதினோரு இடத்தில் இல்லை என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாவது இடத்தில் ஒரு சூப்பர்வைசர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் இல்லை என்றுதான் சொன்னார், ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"தம்பி, நீ நல்ல பையனாத்தான் தெரியற. ஆனா எங்க ஆளுங்களுக்கு இஎஸ்ஐ இன்சூரன்ஸ் இருக்கு, உனக்கு என்ன இருக்கு? நீ வந்து மெஷின்ல கையை விட்டுட்டா முதலாளி ஸ்டேஷனுக்கு அலையணும். அப்புறம் உன் பின்னாடியே ஒரு ஆளை நிறுத்தோணும். எங்களுக்கு எதுக்குங் கண்ணு இந்த வம்பு?"

அன்று ராத்திரி சித்தி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. என் ரெஸ்யூமேயில் இருந்த சிஜிபிஏ மதிப்பெண்ணையும் கேட் (CAD) வரைபட சாஃப்ட்வேர் சான்றிதழையும் இவர்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்துப் பார்த்து வேண்டாம் என்றிருந்தால் வருத்தப்படலாம். அவர்களுக்கு நான் ஒரு தொல்லை, அவ்வளவுதான். அப்படியானால் அந்தத் தொல்லையைக் குறைக்க என்னால் ஆனது என்ன?

விபத்துக் காப்பீடு என்றதும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்று நினைத்தேன். சித்தப்பாதான் வங்கியில் 20 ரூபாய் பிடிக்கும் திட்டத்தைச் சொன்னார். பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா. 18 வயது ஆகியிருக்க வேண்டும், சேமிப்புக் கணக்கு வேண்டும். விபத்தில் இறந்தாலோ இரண்டு கையும் போனாலோ இரண்டு லட்சம், ஒரு கை போனால் ஒரு லட்சம். படிக்கவே ஒரு மாதிரி இருந்தது. காப்பீட்டுக் காலம் ஜூன் 1-இலிருந்து மே 31 வரை. நான் வங்கிக்குப் போனது மே மாதக் கடைசியில். "இப்பப் போட்டா நாலு நாள்ல முடிஞ்சிரும், ஒண்ணாந்தேதி வாங்க" என்று கவுன்டரில் இருந்த அம்மா திருப்பி அனுப்பினார். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஜூன் 1 சனிக்கிழமை. போய்ச் சேர்ந்து, ரசீதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

கூடவே இன்னும் மூன்று செய்தேன். சேஃப்டி ஷூ ஒன்று வாங்கினேன். விபத்து நடந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று அப்பா கையெழுத்துப் போட்ட ஒரு தாள். சட்டப்படி அது எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம், பார்க்கிறவருக்கு ஒரு நிம்மதி. மூன்றாவது, 'ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஜாப்பை (செய்து முடித்த பாகத்தை) அளந்து எழுதித் தருகிறேன், மெஷினைத் தொட மாட்டேன் என்று கேட்பதாக முடிவு செய்தேன். அது ஒரு ஆள் செய்ய வேண்டிய, யாருக்கும் பிடிக்காத வேலை.

திங்கட்கிழமை போன இரண்டாவது இடத்தில் முதலாளியே இருந்தார். பம்பின் ஷாஃப்ட்டும் (சுழலும் தண்டு) இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மெஷினிங் செய்யும் யூனிட், மொத்தம் பதினான்கு பேர். ஃபைலைப் புரட்டினார். 20 ரூபாய் ரசீதில் கொஞ்ச நேரம் நின்றார். "இதை யார் சொல்லிக் குடுத்தா?" என்றார். சித்தப்பா என்றேன். அதற்கு ஒன்றும் பேசாமல் பக்கத்து டிரேயிலிருந்து ஒரு ஷாஃப்ட்டை எடுத்து என் கையில் கொடுத்து, வெர்னியர் என்ற அளவுகோலையும் நீட்டினார்.

"இந்த இடம் என்ன சைஸ்னு சொல்லுங்க பார்க்கலாம்."

அளந்தேன். 25.06 மில்லிமீட்டர்.

"மறுக்கா."

மறுபடியும் 25.06. அவர் இடுப்பிலிருந்த வேஸ்ட் துணியை எடுத்து ஷாஃப்ட்டைத் துடைத்தார், ஓரத்தில் இருந்த பர்ரை (வெட்டும்போது நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறை) நகத்தால் தடவிக் காட்டினார். அந்த ஓரத்தின் மேல்தான் நான் வெர்னியரின் தாடையை வைத்திருந்தேன். கொஞ்சம் தள்ளி வைத்து அளந்தால் 25.02.

"இதுல எந்த பேரிங் உக்காரும்?"

இது தெரியும். பேரிங் நம்பரின் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம். "6205 சார்."

"அப்ப இது பேரிங் உக்கார்ற சீட்டு. அதை வெர்னியர்ல அளக்கலாமா?"

முழித்தேன். வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மில்லிமீட்டர். அதாவது 20 மைக்ரான். பேரிங் உட்காரும் இடத்தின் டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசமே) அதைவிடக் குறைவு. முதல் ஆண்டு மெட்ராலஜி லேபில் எழுதி மார்க் வாங்கிய விஷயம், கையில் ஜாப் வந்ததும் மறந்துவிட்டது. மைக்ரோமீட்டர் வேணும் சார் என்றேன்.

"வெர்னியரைக் குடுத்தவுடனே அதைத்தான் கேட்டிருக்கோணும்," என்று சிரித்தார். "நாளைக்கு எட்டரைக்கு வந்துருங்க. காசெல்லாம் கிடையாது. டீ, போண்டா உண்டு."

முதல் வாரம் முழுக்க அளந்ததுதான். துடை, மைக்ரோமீட்டரை வை, படி, எழுது. ஒரு நாளைக்கு முந்நூறு ஷாஃப்ட் வரை. மதியத்துக்கு மேல் கண் எரியும். ஆனால் எழுதியதைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. காலையில் இன்சர்ட் (மெஷினில் உலோகத்தை வெட்டும் முனை) மாற்றியவுடன் வரும் ஷாஃப்ட்டுகள் சைஸின் கீழ்ப்பக்கம் இருக்கும். நேரம் ஆக ஆக விட்டம் ஒவ்வொரு மைக்ரானாக ஏறும். இன்சர்ட் தேய்வதால் அது குறைவாக வெட்டுகிறது, ஷாஃப்ட் பெரிதாகிறது. நான் வரைபடம் எல்லாம் போட்டு, இத்தனை ஷாஃப்ட்டுக்கு ஒரு தடவை ஆஃப்செட் (தேய்மானத்துக்கு ஈடாக வெட்டும் முனையை நகர்த்தும் அளவு) மாற்ற வேண்டும் என்று பெருமையாக ஆபரேட்டர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் அப்பத்தானே மாத்துறேன்" என்றார். சத்தத்தை வைத்தே மாற்றுகிறார். எட்டு வருஷ சர்வீஸ். இருந்தாலும் அவர் லீவு போட்ட அன்று என் தாளை மெஷின் கதவில் ஒட்டி வைத்தார்கள். ரிப்போர்ட்டில் நான் எழுதியதும் அதைத்தான். பதினாறு பக்கம், எதையும் இன்டர்நெட்டில் இருந்து எடுக்க வேண்டியிருக்கவில்லை.

காசு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நான்காவது வாரம் நான் செய்தது முழு ஆள் வேலை. சித்தி வீடு இல்லாமல் அறை எடுத்துத் தங்கியிருந்தால் நான்கு வாரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வெளியூர் ஜூனியர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன், எங்கே தங்கப்போகிறாய் என்பதை முடிவு செய்துவிட்டு கம்பெனி தேடு என்று. அதே வருஷம் அக்டோபரில் மாதம் 5,000 ரூபாயுடன் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தொடங்கியபோது அது முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை.

சான்றிதழ் ஜூலை முதல் வாரம் கொடுத்தார்கள். அதில் என் இனிஷியல் தப்பு. கல்லூரி ஆபீஸில் ஏற்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மறுபடியும் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி பேக்கிங் டேபிளில் நின்றபடியே புது லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு, சீல் காயட்டும் என்று ஊதினார். அப்புறம் டிரேக்களைக் காட்டினார்.

"நாளைக்குக் காலைல லோடு போகுது. சும்மாத்தான இருக்கீங்க?"

பையை ஆணியில் மாட்டிவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தேன். அன்று இரவு ஊருக்குப் போகவில்லை.