இரண்டு வயது மகளோடு எக்ஸ்ட்ரமதுரா

குழந்தையோடு ஸ்பெயினுக்குப் போகிறோம் என்றதும் எல்லோரும் பார்சிலோனாவைத்தான் சொன்னார்கள். நாங்கள் மாட்ரிட்டில் கார் எடுத்துக்கொண்டு ஏ-5 நெடுஞ்சாலையில் தென்மேற்கே போனோம். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்ட்ரமதுராதான் இலக்கு. ஆள் குறைவு, ஆடு மாடும் மரமும் அதிகம். நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். இரவுச் சாப்பாட்டுக்கு உணவகங்கள் அடுப்பு மூட்டவே எட்டரை, ஒன்பது ஆகிவிடும். நடுவில் இரண்டிலிருந்து ஐந்து வரை பெரும்பாலான கடைகளும் சாத்திக் கிடக்கும். ஸ்பெயின் 1940-ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி ஜெர்மனி நேரத்துக்கு மாறியது. பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் மே மாதக் கடைசியில் இந்தப் பக்கம் சூரியன் மறைய ஒன்பதரை தாண்டிவிடுகிறது. வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்போது தூங்கு என்றால் எந்தக் குழந்தை தூங்கும்? எட்டு மணிக்குப் படுக்கை என்ற எங்கள் வீட்டு வழக்கத்தை அங்கே விட்டுவிட்டோம். ஊரே கண்ணயரும் மதியத்தில் அவளும் தூங்கினாள், ஊரே வெளியே வரும் இரவில் அவளும் வந்தாள்.

தங்கியது ஒரு காஸா ரூரலில். கிராமத்து வீட்டை முழுதாக வாடகைக்கு விடுவதுதான் காஸா ரூரல். கனத்த கல்சுவர், ஜன்னலுக்கு வெளியே இறக்கிவிடும் பெர்சியானா என்ற சுருள் மறைப்பு. அதை இறக்கினால் பட்டப்பகலிலும் அறை கும்மிருட்டு. மதியத் தூக்கத்துக்கு வேறென்ன வேண்டும்? கூடவே சமையலறை. ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பசித்தால் நாமே முட்டை பொரித்துக் கொடுத்துவிடலாம்.

த்ருஹியோ ஊரின் பெரிய சதுக்கத்தை மறக்கவே முடியாது. அங்கே குதிரை மேல் பிஸாரோ சிலை. பெரு நாட்டின் இன்கா அரசை வீழ்த்தியவர் பிறந்த ஊர் இது. அந்த வரலாற்றை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. ஆனால் இரவு ஒன்பதரைக்கு அந்தப் பீடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருக்க, பெற்றோர்கள் மேஜைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் நேராக உள்ளே புகுந்துவிட்டாள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தை அவள் காலடியில் வைத்து, உதைக்கும் வரை காத்திருந்தான்.

கோபுரங்கள் மேலெல்லாம் செங்கால் நாரைக் கூடுகள். சுள்ளிகளால் கட்டியவை, ஒவ்வொன்றும் கட்டில் அகலம் இருக்கும். நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம்; துணை வந்து இறங்கினால் தலையை முதுகு வரை பின்னால் வளைத்து, அலகைத் தட்டி டக டக டக என்று சத்தம் போடும். அதைப் பார்த்ததிலிருந்து இவளும் கழுத்தைப் பின்னால் சாய்த்து டக டக என்பாள். தெருவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொருவரும் கூப்பிட்டு, கன்னத்தைத் தொட்டு, இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்ட ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே ஒரு சின்னக் குழந்தை நடந்து போனால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

தள்ளுவண்டியை நம்பாதீர்கள். கோட்டைக்கு ஏறும் தெருக்கள் எல்லாம் உருளைக்கல் பாவியவை. முதுகில் சுமக்கும் பைதான் சரி.

மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவுக்கு அவசியம் போங்கள். 2007-ல்தான் தேசியப் பூங்கா ஆனது. சால்டோ தெல் ஹிதானோ என்ற இடத்தில் சாலையோரமே நின்றால் போதும். எதிரே தாகோ ஆற்றின் மேல் பெரும்பாறை, அதில் கூடு கட்டிய பிணந்தின்னிக் கழுகுகள் நம் கண் மட்டத்திலேயே மிதந்து போகும். இறகின் நுனி விரல்கள் மாதிரி பிரிந்திருப்பதுகூடத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டிய வேலையே இல்லை.

சாப்பாட்டுக்கு நான் பயப்படவே இல்லை. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தோர்தியா எல்லாக் கடையிலும் உண்டு, காரம் கிடையாது. காலையில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டி. பருப்புச் சூப் கேட்டால் உள்ளே சோரிஸோ இறைச்சி கிடக்கும், அசைவம் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஞாயிறன்று கிராமத்தில் கடை திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாலும் டயப்பரும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மருந்துக்கடை மூடியிருந்தாலும், அன்றைக்கு முறை வைத்துத் திறந்திருக்கும் கடை எது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு 112. காரில் 135 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைகள் பின்சீட்டில், அவர்களுக்கான இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும், அந்த மாதங்களில் குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம். மே மாதம் போனால் நாரைக் குஞ்சுகளும் கூட்டில் இருக்கும்.