உயரம்னா நடுங்குறவனுக்கு ஹைட் பாஸ்

புதுச்சேரியில் ஒரு அடுக்குமாடி சைட்டில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் வேலை. சுவர் எழும்பாத ஸ்லாப் ஓரத்தில் நின்றால் எனக்கு முழங்கால் நிற்காது. ஹைட் பாஸ், அதாவது உயரத்தில் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு, இல்லாமல் மேலே ஏற்ற மாட்டார்கள், அதற்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும்.

"ஃபார்ம் ஏதாவது இருக்கா சார்?" என்று சைட் ஆபீஸில் கேட்டேன். "டாக்டருக்கே தெரியும், போங்க" என்றார் கிளார்க். ஊர் கடலூர் என்பதால் அங்கேயே ஒரு கிளினிக்கில் பி.பி., கண், இசிஜி எல்லாம் பார்த்து வாங்கிவந்தேன். அதே கிளார்க் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வெறும் 'ஃபிட்'னு இருக்கு. உயரத்துல வேலை பார்க்க ஃபிட்னு இருக்கணும், வெர்டிகோ, அதான் தலைசுத்தல், இல்லன்னும் எழுதணும்" என்று சொல்லி மேசை டிராயரிலிருந்து ஃபார்மை எடுத்து நீட்டினார். டிராயரிலேயே இருந்திருக்கிறது! பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் தண்டம். நீங்கள் போனால் ஃபார்ம் கைக்கு வரும்வரை ஆபீஸை விட்டு நகராதீர்கள்.

அடுத்து, வெர்டிகோ இருக்கா என்று பார்க்க காது மூக்கு தொண்டை டாக்டர். கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென மல்லாக்கச் சாய்த்து, கருவிழி துடிக்கிறதா என்று பார்த்தார். துடிக்கவில்லை. "காதுல கோளாறு இல்லப்பா, பயம்தான். பக்கத்துல அசையாத பொருள் எதுவும் இல்லன்னா கண்ணுக்குப் பிடிமானம் போயிடும். அந்தத் தள்ளாட்டம் எல்லாருக்கும் உண்டு, உனக்குக் கொஞ்சம் கூட." கையெழுத்து கிடைத்தது, பாஸும் வந்தது.

பயத்துக்கு வழி சொன்னவர் சாரம் கட்டும் மேஸ்திரி. "தம்பி, முதல் தட்டுல நில்லு. படபடப்பு அடங்குனதும் அடுத்த தட்டு. நடுங்குறப்ப இறங்கினா நாளைக்கு இன்னும் நடுங்கும்." அப்படியே செய்தேன். மெதுவாகத்தான் பலித்தது.

தூரத்தைப் பார்க்காமல் பக்கத்துத் தூணையோ கம்பியையோ பாருங்கள். மேகம் ஓடும்போது அண்ணாந்து பார்த்தால் கட்டடமே சாய்கிற மாதிரி இருக்கும். ஹார்னஸில் (உடம்போடு கட்டும் பாதுகாப்புப் பட்டை) ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள், முடிந்தவரை தலைக்கு மேலேயே மாட்டுங்கள். ஓரத்து வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், நம்ம ஊரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று தள்ளும். தைரியத்துக்கென்று யாராவது தூக்க மாத்திரையோ குவார்ட்டரோ நீட்டினால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

போன வாரம் மொட்டை மாடி விளிம்பில் இடிதாங்கிப் பட்டையை நானே நின்று ஓட்டவைத்தேன். உள்ளங்கை வேர்த்தது, கால் நின்றது.