ஒரே வரிசையில் நான்கு பேர்

தமிழ் விக்கிப்பீடியாவில் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரைகளை வேண்டுமென்றே கெடுக்கிற விசமத் தொகுப்புகளைத் துடைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆங்கில விக்கியில் இதற்கென்றே 2008 முதல் ஹக்கிள் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு பக்கம் புதிய தொகுப்புகளின் வரிசை, நடுவில் வேறுபாடு, அதாவது ஒரு தொகுப்பில் என்ன மாறியது என்பது. ஒரு விசையைத் தட்டினால் கட்டுரையை முந்தைய நிலைக்கு மீளமைத்து, தொகுத்தவருக்கு எச்சரிக்கையும் போட்டுவிடும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட மாதிரி, நானும் பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒன்றை எழுதி என் மடிக்கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நண்பர்கள் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஒருவரிடம் லினக்ஸ். இன்னொருவரிடம் இருப்பது எதையும் நிறுவ முடியாத அலுவலகக் கணினி. மூன்றாமவரிடம் மொபைல் மட்டும்தான். சரி, உலாவியிலேயே ஓடுகிற மாதிரி மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

மாற்றங்களை வாங்குவது சுலபம். எல்லா விக்கித் தளங்களின் மாற்றங்களும் ஈவென்ட்ஸ்ட்ரீம்ஸ் என்ற ஒரே ஓடையில் வருகின்றன. தமிழ் விக்கியை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு அறுந்துவிடும். கடைசியாக வந்த நிகழ்வின் அடையாள எண்ணைக் கொடுத்துத் திரும்ப இணைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடவுச்சொல் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. என் கணினியில் என் கடவுச்சொல் ஒரு கோப்பில் கிடந்தது, யாரும் கேட்கவில்லை. மற்றவர்களுடையதை நான் வாங்கி வைப்பது நன்றாக இருக்காது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே அனுமதி தர உதவும் ஓஆத் முறை வழியாக அவரவர் கணக்கிலேயே தொகுப்பு பதிவாகும்படி செய்தேன்.

அப்புறம்தான் வினை வந்தது. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் மாலை, யாரோ ஒரு புதியவர் ஒரு கட்டுரையில் ஒரு பத்தியை அழித்துவிட்டு “சும்மா டெஸ்ட்” என்று எழுதியிருந்தார். நானும் ஒரு நண்பரும் ஒரே நொடியில் விசையைத் தட்டினோம். மீளமைப்பில் சிக்கல் இல்லை. முந்தியவருடையது நடந்தது, பிந்தியவருக்கு ‘ஏற்கெனவே மீளமைக்கப்பட்டுவிட்டது’ என்ற பிழை வந்தது. ஆனால் என் நிரல் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் புதியவருக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் விழுந்தன. முதலாவது அங்கே இருப்பதைப் பார்த்து, இரண்டாவது தானாகவே கடுமையான நிலைக்கு ஏறியிருந்தது. செய்தது ஒரு தப்பு, வாங்கியது இரண்டு குட்டு. இரண்டாவது எச்சரிக்கையை அடித்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “பரவாயில்லைங்க, ரோபோன்னு நெனச்சேன்” என்று பதில் வந்தது.

ஒருவர் மட்டும் ஓட்டும்போது இப்படி நடக்க வழியே இல்லை. இப்போது ஒருவர் ஒரு வேறுபாட்டைத் திறந்தால் அதன் மேல் 45 நொடிக்கு ஒரு பூட்டு விழுகிறது. மற்றவர்களின் வரிசையில் அது சாம்பல் நிறமாகி, பக்கத்தில் அவர் பெயர் தெரியும். டீ குடிக்கப் போய்விட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். மீளமைப்பு வெற்றி என்று பதில் வந்தால் மட்டுமே எச்சரிக்கை போகும்.

விசையிலும் ஒரு கூத்து. என் கணினியில் வேலை செய்த க்யூ விசை, தமிழ்99 விசைப்பலகை போட்டிருந்த நண்பரிடம் அசையவே இல்லை. அவர் தட்டினால் உலாவிக்குப் போனது ‘ஆ’! வருகிற எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பார்க்கும்படி மாற்றினேன். இன்னொருவர், “ஏன் எல்லாமே சிவப்பாக இருக்கிறது?” என்று கேட்டார். 500 பைட்டுக்கு மேல் அழித்தால் சிவப்பு என்று வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அது பெரிய பத்தி. தமிழில் ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட், நாலைந்து வாக்கியம் எடுத்தாலே எல்லை தாண்டிவிடும். தனியாக ஓட்டிய காலமெல்லாம் கண் பழகிப்போய் நான் கவனிக்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாகச் சேர்த்த ‘ஐயம்’ பொத்தான். முடிவெடுக்கத் தெரியாவிட்டால் ஒரு வரிக் குறிப்போடு மற்றவர்களுக்குத் தள்ளிவிடலாம். கணக்கில்லாத ஒருவர் ‘டொரண்டோ’ என்பதை ‘ரொறன்ரோ’ என்று மாற்றியிருந்தார். பழைய கருவியாக இருந்திருந்தால் எழுத்துப்பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு மீளமைத்திருப்பேன். ஐயத்தில் போட்டேன். யாழ்ப்பாண நண்பரின் குறிப்பு வந்தது: “எங்கட பக்கம் அப்பிடித்தான் எழுதுறது. விடுங்கோ.”

மொபைலில் இன்னும் ஒழுங்காக வரவில்லை. இடப்பக்கம் தள்ளினால் மீளமை என்று வைத்திருந்தேன். பேருந்தில் நின்றுகொண்டு பார்த்த நண்பர், வண்டி பிரேக் அடித்ததும் நல்ல தொகுப்பு ஒன்றை மீளமைத்துவிட்டார். இப்போதைக்கு அதில் மீளமை வசதியையே எடுத்துவிட்டேன். படிக்கலாம், ஐயம் போடலாம், அவ்வளவுதான்.