குறிப்புகள் வேறொரு கோப்பில் இருந்தன

ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் டிபேஸ் என்ற பழைய தரவுத்தள நிரலிலிருந்து எஸ்கியூலைட் என்ற இன்றைய தரவுத்தளத்துக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். டிபிஎஃப் என்று முடியும் கோப்பை மட்டும் நகலெடுத்து வந்து லிப்ரே ஆபிஸில் திறந்தேன். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் வந்தன. 'குறிப்பு' என்ற நெடுவரிசை மட்டும் முழுவதும் வெறுமையாக இருந்தது. நூலகர் பல ஆண்டுகள் புத்தகம் புத்தகமாகப் பார்த்து எழுதியவை அவை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டிபேஸ் காலத்திலேயே வேலை பார்த்த மூத்த நிரலாளர் ஒருவரிடம் போனேன். திரையைப் பார்த்ததுமே, "தம்பி, குறிப்பு இந்தக் கோப்பிலேயே இல்லை. இதே பெயரில் டிபிடி என்று முடியும் கோப்பு பக்கத்தில் இருக்கும். கோப்புறையை அப்படியே எடுத்துக்கொண்டு வா" என்றார். நீண்ட குறிப்புகளை டிபேஸ் தனிக் கோப்பில்தான் வைக்குமாம். டிபிஎஃப் கோப்பில் இருப்பது, குறிப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் எண் மட்டுமே. டிபேஸைப் போன்ற இன்னொரு நிரலான ஃபாக்ஸ்புரோவாக இருந்தால் அந்தத் துணைக் கோப்பு எஃப்பிடி என்று முடியும்.

இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து லிப்ரே ஆபிஸின் தரவுத்தளப் பகுதியான பேஸில் இணைத்ததும் குறிப்புகள் வந்துவிட்டன. ஆனால் இப்போது பதிவுகளின் எண்ணிக்கை, பழைய நிரல் காட்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. எதுவும் விடுபட்டுவிடக் கூடாது என்று, நீக்கிய பதிவுகளையும் காட்டும் விருப்பத்தை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். டிபேஸில் ஒரு பதிவை நீக்கினால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டுமே விழுகிறது. 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை பதிவு கோப்பிலேயே கிடக்கும். இதை அவர் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பதிவுகளை அழிக்க மனம் வரவில்லை; தனிப் பட்டியலாக்கி நூலகரிடம் கொடுத்தேன்.

சிஎஸ்வி, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு வழியாக மாற்றியபோது இன்னொரு சிக்கல். இடையில் ஒருமுறை விரிதாளில் திறந்து சேமித்ததால் 00417 என்ற சேர்க்கை எண் (நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் எண்) 417 ஆகிவிட்டது. விரிதாளை விட்டுவிட்டு, எஸ்கியூலைட்டில் அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக அமைத்து, முதலிலிருந்து ஏற்றினேன்.

எண்ணிக்கை பொருந்தியதும் நூலகரை அழைத்து அவருக்குப் பிடித்த ஒரு சேர்க்கை எண்ணைச் சொல்லச் சொன்னேன். திரையில் வந்ததை வாசித்துக் காட்டினேன்: "அட்டை கிழிந்தது. புதிதாகக் கட்டப்பட்டது." மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம், நான் எழுதியதுதான்" என்றார்.