நான் ஏன் ஜேக்கப் பக்கம்
ஸ்டெஃபனி மேயரோட ட்வைலைட் நாவல்கள் பத்தி பேச்செடுத்தாலே, பெல்லாவுக்கு ரத்தக் காட்டேரி எட்வர்டா, நண்பன் ஜேக்கப்பான்னு தான் கேக்குறாங்க, நான் ஜேக்கப் பக்கம், ஆனா அவன் ஓநாயா மாறுறதுக்காக இல்ல. 2006ல வந்த ரெண்டாவது புத்தகம் நியூ மூன் படிச்சவங்களுக்குத் தெரியும். எட்வர்ட் காட்டுக்குள்ள விட்டுட்டுப் போனதும் பெல்லா அப்படியே உடைஞ்சு போறா, அக்டோபர் நவம்பர் டிசம்பர் ஜனவரின்னு மாசப் பேர மட்டும் போட்டுப் பக்கத்த காலியா விட்டிருப்பாங்க ஸ்டெஃபனி மேயர், அந்த வெறுமைய வேற எப்படியும் எழுதிருக்க முடியாது. அப்புறம் ரெண்டு பழைய பைக்க ட்ரக்ல ஏத்திக்கிட்டு லா புஷ்ங்கற ஊர்ல இருக்குற 16 வயசு ஜேக்கப்கிட்ட போறா, அவன் அறிவுரை எதுவும் சொல்லல, பைக்க பிரிச்சுப் போட்டு சரி பண்றான், கூட உக்காந்து பேசிட்டே இருக்கான், அவ மெல்ல சிரிக்க ஆரம்பிக்கிறா. 1918லயே காட்டேரியாகி 17 வயசோட நின்னுபோன எட்வர்டுக்கு இது வராதுங்க.

அதுக்காக அடுத்த புத்தகம் எக்லிப்ஸ்ல ஜேக்கப் பெல்லாவுக்கு வலுக்கட்டாயமா முத்தம் குடுக்குறத நான் நியாயப்படுத்தவே மாட்டேன். அவ ஓங்கி குத்தி அவ கையே உடையுது, அவ அப்பா சார்லி என்னடான்னா அந்தப் பையன பாராட்டுறாரு!! அந்தப் பக்கத்த படிக்கும்போது இன்னிக்கும் கோவம் வருது.

இன்னொன்னு, ஜேக்கப்போட இனமான குயிலூட் பழங்குடி மக்கள் கற்பனை இல்ல, வாஷிங்டன் மாநிலக் கடற்கரைல நிஜமா வாழ்றவங்க. ஓநாய்லேர்ந்து வந்தோம்ங்கறது அவங்க சொந்தக் கதை, ரத்தக் காட்டேரிப் பகையெல்லாம் மேயர் சேர்த்தது. ஜேக்கப்ப புடிச்சவங்க அந்த மக்களப் பத்தியும் தேடிப் படிங்க ப்ளீஸ்.