பதினாலில் ரெண்டு

"என் பொண்ணு 200க்கு 190க்கு மேல கட்ஆஃப் வச்சிருக்கா. இட ஒதுக்கீட்டால அவ கேட்ட காலேஜ் கிடைக்கல. இது தலைகீழ் பாகுபாடு இல்லாம வேற என்ன சார்?" டீக்கடையில் நண்பர் கேட்டார். டீ ஆடை கட்டிவிட்டது. அந்தப் பெண்ணை எனக்குக் குழந்தையிலிருந்து தெரியும், சட்டென்று பதில் வரவில்லை.

இந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, மீதி கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பிரித்தது. பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் என்ற பெண் வழக்குப் போட்டார். 1951-ல் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. இத்தனைக்கும் அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! அதே வருடம் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) சேர்ந்தது.

நான் 1991-ல் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) கோட்டாவில் பாலிடெக்னிக் சேர்ந்தவன். அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. சாதிச் சான்றிதழுக்காக மூன்று நாள் கரி மூட்டாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் கையில் இருந்த சூட்டுத் தழும்பு தெரியாதபடி சட்டைக் கையை மடக்காமல் விட்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம் போக மிச்சம் 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. அதிலும் எங்கள் பிள்ளைகள் மார்க் வாங்கி வருகிறார்கள். நண்பரின் கோபத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். சரி, அதை அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.