கோவில் வரியை வாங்க மறுத்தால்

ஆடி நோன்பு நெருங்கிவிட்டது. சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்தை ஊரே பேசாமல் தள்ளி வைக்கிறார்கள் என்பதற்கு முதல் அடையாளம், கோவிலுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை அவர்களிடம் வாங்காமல் விடுவதுதான். அடுத்து மாவிளக்குத் தட்டு கோவில் வாசலோடு திரும்பி வரும். உங்களிடம் பேசினால் ஊர் அபராதம் போடும் என்பதால் கூடப் பிறந்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அவனைக் கோபிக்காதீர்கள். அம்மா பின்வாசல் வழியாகப் பேசினால் அதை யாரிடமும் சொல்லாதீர்கள், போலீஸ் புகாரிலும் எழுத வேண்டாம்.

வரியைக் கோவில் நிர்வாகி பெயருக்கு மணியார்டரில் அனுப்புங்கள். வாங்க மறுத்ததாகத் திரும்பி வரும் அந்தத் தாள் நல்ல சாட்சி. ஊர் உங்களுக்குப் போடும் அபராதத்தை ரசீது இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த வருஷம் தொகை கூடும், அவ்வளவுதான். மிரட்டி வந்த வாட்ஸ்அப் குரல்பதிவுகளை அழிக்காமல், அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இப்படி ஒதுக்கி வைப்பதைத் தடுக்க மகாராஷ்டிராவில் 2016-இல் தனிச்சட்டம் நிறைவேறியது, நம் மாநிலத்தில் அப்படி ஒன்று இல்லை. அதனால் புகாரில் 'ஒதுக்கிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் நிற்காது. யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி மிரட்டினார், எவ்வளவு பணம் கேட்டார் என்று எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள்.